தெரியாத மாதிரி

மார்ச் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, பேருந்து நிலையத்தின் பின்தெருவில் பல் மருத்துவமனை இருக்கும் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு ஓர் அறக்கட்டளையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள்.

அந்த மாடிக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு மனநல ஆலோசனை தரும் மையம் அங்கே பல வருடங்களாக நடக்கிறது. கீழே பல் டாக்டர் இருக்கிறார் என்பதற்காகவே அந்த இடத்தைப் பிடித்தார்கள். யார் பார்த்துக் கேட்டாலும் பல்வலி என்று சொல்லிவிடலாம். சிலர் தெருவிலேயே கன்னத்தில் கையை வைத்துக்கொண்டுதான் படியேறுவார்கள். மேலே வந்து, கதவைச் சாத்தி, நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் சிலருக்குக் கை இறங்காது.

மையத்தை நடத்துபவர் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் டீச்சர். பணம் திரட்டுவது, வாடகை கட்டுவது, தொலைபேசி இணைப்பு அறுந்தால் சண்டை போடுவது எல்லாம் அவர் வேலை. ஆனால் ஆலோசனைக்கு வருகிறவர்களில் ஒருவரின் முகம்கூட அவருக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பது அவரே போட்ட விதி. அவர்கள் வரும் மாலை நேரத்தில் அவர் மாடியில் இருக்க மாட்டார். முகங்கள் தெரிந்தவர்கள் இரண்டு ஆலோசகர்கள் மட்டும். அதில் இளையவர் அன்று விடுப்பில் இருந்தார்.

மூத்த ஆலோசகர் அந்த மாடிக்கு வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவார்.

"வெளியில எங்கயாவது என்னைப் பார்த்தா, எனக்கு உங்களைத் தெரியாது. நீங்களா வந்து பேசினா பேசுவேன். இல்லேன்னா நான் யாரோ, நீங்க யாரோ. தப்பா நினைக்காதீங்க."

பதினோரு வருடத்தில் அது பழக்கத்தையும் தாண்டி உடம்பில் ஊறிவிட்டது. கடைத்தெருவிலோ ஆஸ்பத்திரி வரிசையிலோ தெரிந்த முகம் எதிர்ப்பட்டால், யார் என்று மூளை கண்டுபிடிப்பதற்குள் கண் நகர்ந்துவிடும். இதனால் சொந்தக்காரர்களிடம் அவருக்கு நல்ல பெயர் இல்லை. சிலசமயம் குழப்பத்தில் வீட்டு மனிதர்களையும் இப்படிக் கடந்துவிடுவார். "எங்க அண்ணிக்குத் தலைக்கனம்லாம் ஒண்ணும் கிடையாதுப்பா, தலையைத் திருப்ப முடியாத வியாதி" என்று நாத்தனார் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

மையத்துக்கான மூன்று வருட நிதியுதவி மார்ச்சோடு முடிகிறது. இரண்டு ஆலோசகர்களின் சம்பளம், வாடகை, அவசரத் தொலைபேசி மூன்றும் அந்தப் பணத்தில்தான் ஓடின. நீட்டிப்பதா, நிறுத்துவதா என்று முடிவெடுக்கத்தான் அறக்கட்டளைக்காரர்கள் நேரில் வந்தார்கள். அன்றைக்கு யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை. ஆலோசனைக்கு வருகிறவர்கள் ஒருவர்கூட அறக்கட்டளைக்காரர்கள் கண்ணில் படக் கூடாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

முதலில் படியேறி வந்தவர் அறக்கட்டளைத் தலைவர், வங்கியில் பெரிய பதவியில் இருந்த அம்மாள். மூச்சு வாங்கியது. அடுத்தவர் திட்ட அதிகாரி. நாற்பது வயது, கலகலப்பான மனிதர், நுழையும்போதே பேசிக்கொண்டு வந்தார்.

"என்ன டீச்சர், லிஃப்ட் வெக்கணும்னு எங்ககிட்ட கேட்காம விட்டுட்டீங்களே! முட்டிக்கு ஆலோசனை கொடுக்க யாராவது இருக்காங்களா?"

அவருக்குப் பின்னால் கோப்புப் பையைச் சுமந்துகொண்டு ஒரு பெண் வந்தாள்.

"இது எங்க கணக்குப் பிரிவு" என்றார் அதிகாரி. "புதுசு. என் ஃப்ரெண்டோட மச்சினி. நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரின்னு வெச்சுக்கங்களேன். வழக்கமா வர்ற ஆளுக்குக் காய்ச்சல். கடைசி நிமிஷத்துல இவளைப் பிடிச்சு கார்ல போட்டுட்டு வந்தேன். எங்க போறோம்னு தெருமுனை வந்தப்புறம்தான் சொன்னேன்."

மூத்த ஆலோசகர், தலைவர் அம்மாளின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். அதிகாரிக்கு வணக்கம் சொன்னார். அந்த அம்மாள் காரில் மறந்துவிட்ட கண்ணாடிக் கூட்டைக் கொண்டுவந்த டிரைவரையும் உட்காரச் சொன்னார். குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றி எல்லோருக்கும் கொடுத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. வாங்க என்று சொல்லவில்லை. ஒருமுறைகூட அவள் பக்கம் பார்க்கவில்லை.

டீச்சரும் கவனித்துவிட்டார். "இந்தாம்மா" என்று தன் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் எடுத்துக் குடிக்கவில்லை. பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அதிகாரி டம்ளர் நகர்வதைப் பார்த்தார்.

நான்கு மாதமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் அவள் அந்த மாடிக்கு வந்துகொண்டிருந்தாள். அக்கா வீட்டில் தங்கியிருக்கிறாள். அவளைச் சீரழித்தவன் அக்காவின் கணவன். வெளியில் சொன்னால் உன் அக்காவைத் தெருவில் நிறுத்துவேன் என்று அவன் சொல்லிவைத்திருந்தான். சொன்னதைச் செய்கிறவன். வீட்டில் அவள் பல்லுக்கு வேர் சிகிச்சை நடக்கிறது என்று சொல்லியிருந்தாள். "எத்தனை பல்லுக்குத்தான் வேரைப் பிடுங்குவே, வாய்க்குள்ள தோப்பா வெச்சிருக்கே?" என்று ஆலோசகர் ஒருநாள் கேட்டபோதுதான் அவள் முதல்முறையாக அங்கே சிரித்தாள். ஏப்ரல் முதல் வாரத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியில் அவளுக்கு அறை காலியாகிறது. முன்பணம் கட்டியாயிற்று. வெளியேறி, அறைக் கதவைப் பூட்டிக்கொண்ட பிறகுதான் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்வது என்று இருவரும் பேசி முடிவெடுத்திருந்தார்கள். அதுவரை அவனுக்கு ஒரு சின்னச் சந்தேகம்கூட வரக் கூடாது.

இன்னொன்றும் அவள் சொல்லியிருந்தாள். "ஆபீஸ்ல மாமாவோட ஃப்ரெண்டு ஒருத்தர் இருக்கார் அக்கா. அவர் மூலமாத்தான் வேலையே கிடைச்சுது. நான் எத்தனை மணிக்குக் கிளம்பினேன்னு வீட்டுக்குப் போன் போயிடும். கெட்டவர் இல்ல. ஆனா வாய் நிக்காது."

எந்த ஆபீஸ் என்று அவள் சொல்லவில்லை. அவர்களாகச் சொல்லாததைக் கேட்பதில்லை என்பதால் ஆலோசகரும் கேட்கவில்லை. அறக்கட்டளையின் கணக்கில் இந்த மையம் வெறும் ஓர் எண். முகவரி எங்கேயும் வரக் கூடாது என்று டீச்சர்தான் கேட்டு வாங்கியிருந்தார். தான் போகும் இடத்துக்குத் தன் ஆபீஸ்தான் பணம் கொடுக்கிறது என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியாது.

பேச்சு ஆரம்பித்தது. அதிகாரி கோப்பைத் திறந்தார்.

"டீச்சர், நான் வெளிப்படையாக் கேட்டுடறேன். மூணு வருஷமாப் பணம் கொடுக்கிறோம். யாருக்குக் கொடுக்கிறோம்னு ஒரு முகத்தைக்கூடப் பார்த்ததில்ல. பேர் வேண்டாம். ஒரு நாலஞ்சு பேரோட போன் நம்பர் கொடுங்க. நான் பக்குவமாப் பேசறேன்."

"நீங்க பக்குவமாத்தான் பேசுவீங்க சார். போன் அடிச்சா அந்த வீட்ல யார் எடுப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அப்போ இங்க ஆளு வர்றாங்கன்னு நாங்க எப்படி நம்பறது?"

"நம்பாதீங்க. தணிக்கைக்காரரை அனுப்புங்க. எண்ணிக்கை இருக்கு, நேரம் இருக்கு, எல்லாத்தையும் காட்டறேன். யார்னு கேட்டா மட்டும் சொல்ல மாட்டோம். ஒருத்தர் இங்க வர்றாங்களான்னு கேட்டா ஆமான்னும் சொல்ல மாட்டோம், இல்லைன்னும் சொல்ல மாட்டோம். போலீஸ் வந்து கேட்டப்பவும் அதுதான்."

தலைவர் அம்மாள் கையை உயர்த்தி அதிகாரியை நிறுத்தினார். "எனக்கு முகம் வேண்டாம் டீச்சர். ஆனா அறக்கட்டளைக் குழுவுல என்னைக் கேட்பாங்க. ரகசியம் காப்பாத்தறோம், காப்பாத்தறோம்னு எல்லா மையத்துலயும்தான் சொல்றாங்க. நீங்க எப்படிக் காப்பாத்தறீங்க? அதைச் சொல்லுங்க."

டீச்சருக்கு இது பிடித்த கேள்வி. நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். ஒருவர் போய் இன்னொருவர் வருவதற்கு இடையில் அரைமணி நேரம் விடுவதைச் சொன்னார். தொலைபேசியில் பெயர் கேட்பதில்லை என்றார். பல் டாக்டர் விஷயத்தைச் சொன்னபோது தலைவர் அம்மாள் சிரித்துவிட்டார். ஆலோசகருக்கு டீச்சர் அடுத்து எங்கே போகிறார் என்று தெரிந்தது. பத்துப் பதினைந்து இடங்களில் இதே வரிசையில் அவர் பேசிக் கேட்டிருக்கிறார்.

"டீச்சர், அறிக்கையைக் காட்டிடலாமா?" என்று ஆலோசகர் குறுக்கிட்டார்.

"இரும்மா, முக்கியமானதைச் சொல்லிடறேன். எங்க ஆலோசகர், வெளியில எங்க பார்த்தாலும் அவங்களைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்க மாட்டாங்க. வணக்கம் சொல்ல மாட்டாங்க. கண்ணே அந்தப் பக்கம் போகாது. எதிர்ல ஆளே இல்லாத மாதிரி இருப்பாங்க. சொந்தக்காரங்க இவங்களைத் திமிர் பிடிச்சவங்கன்னு சொல்றாங்க, அந்த அளவுக்கு."

"ஆளே இல்லாத மாதிரியா?" என்று கேட்டார் அதிகாரி.

அவர் முகத்தில் ஒரு வேடிக்கை வந்து உட்கார்ந்தது. "அப்படின்னா எங்க பாப்பாவும் உங்க ஆளுதான் போல! எங்க டிரைவருக்குக்கூட வரவேற்பு கிடைச்சுது. இவதான் கண்ணுக்கே தெரியல."

டிரைவர் பல்லைக் காட்டினார். தலைவர் அம்மாளும் லேசாகப் புன்னகைத்தார். யாராவது சேர்ந்து சிரித்திருந்தால் அந்த வேடிக்கை அங்கேயே செத்திருக்கும். அந்தப் பெண் சிரிக்கவில்லை. பையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"ஏய், விளையாட்டுக்குச் சொன்னேன். ஏன் முகம் இப்படிப் போச்சு?" என்றார் அதிகாரி. பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவராக, "ஆமா, வெள்ளிக்கிழமையானா பல்லு டாக்டர்னு கிளம்பறியே. எந்த டாக்டர்? இந்தக் கட்டடமா?"

"கீழ" என்றாள்.

"எவ்வளவு நாளா ஓடுது அது? உங்க மாமாகூடச் சொன்னான், இந்தக் காசுக்குப் புதுசா பல்செட்டே வாங்கிடலாம்னு."

அவர் சிரிப்பு வாயில் அப்படியே இருந்தது. சிரிப்பதை மட்டும் நிறுத்தியிருந்தார். அவளைப் பார்த்தார். பிறகு ஆலோசகரைப் பார்த்தார். கெட்ட எண்ணம் எதுவும் அந்தப் பார்வையில் இல்லை. ஒரு கணக்கு தானாகக் கூடி வரும்போது மனிதர்கள் பார்க்கும் பார்வை. மாலையில் நண்பனிடம் சொல்வார். என்னடா இது, உன் மச்சினி அந்த மாதிரி இடத்துக்குப் போறாளா, என்ன ஆச்சு என்று அக்கறையோடு கேட்பார். அது போதும்.

தலைவர் அம்மாளின் புன்னகையும் போய்விட்டது. டீச்சர் ஒன்றும் புரியாமல் ஒவ்வொருவராகப் பார்த்தார். பார்வை டம்ளரில் வந்து நின்றது. வாய் லேசாகத் திறந்தது.

ஆலோசகரால் இல்லை என்று சொல்ல முடியாது. ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை என்று டீச்சர் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இனி இந்த அறையில் இல்லை என்று சொன்னால் அது ஆமா என்றுதான் கேட்கும். மறந்துவிட்டேன் என்று சொன்னாலும் எடுபடாது. டிரைவரை மறக்காதவர் இவளை எப்படி மறந்தார்? பார்க்காமல் இருந்ததற்கு வேறு ஒரு காரணம் வேண்டும். கேட்டவுடன் நம்புகிற மாதிரி, அசிங்கமான காரணம்.

"சார், விளையாட்டுப் பேச்சு போதும்" என்றார் ஆலோசகர். "இந்தப் பொண்ணுக்கு நான் தண்ணி கொடுக்காதது மறதியில்ல. வேணும்னுதான் கொடுக்கல."

"என்ன சொல்றீங்க?" என்றார் தலைவர் அம்மாள்.

"போன மாசம் உங்க கணக்குப் பிரிவுலேர்ந்து ஒரு கேள்வி வந்துச்சு. டிஷ்யூ பேப்பர் மாசத்துக்கு இத்தனை பெட்டி எதுக்கு, இதுல ஏதும் முறைகேடு இருக்கான்னு. வயித்தெரிச்சலா இருந்துச்சு எனக்கு. இங்க வந்து உட்கார்றவங்க ஜலதோஷத்துக்கா மூக்கைச் சிந்தறாங்க? இன்னைக்கு சார் 'கணக்குப் பிரிவு'ன்னு சொன்னதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இவங்களுக்கு என் கையால தண்ணி வேறயா?"

"என்னம்மா பேசறே நீ?" டீச்சர் அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

ஆலோசகர் கையை உதறிவிட்டு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். அந்த அறையில் முதல்முறையாக நேராக அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீதானே எழுதினே? பதில் சொல்லு. கேள்வி எழுதத் தெரியுதுல்ல? வாயைத் திறந்து பேசு."

நான்கு மாதத்தில் அவளிடம் ஒருமுறைகூடப் பேசு என்று சொன்னதில்லை. சில வெள்ளிக்கிழமைகள் ஒரு வார்த்தையும் இல்லாமல் முடிந்திருக்கின்றன. அப்போதும் அவர் காத்திருந்தாரே தவிர, கேட்கவில்லை.

அந்தப் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்தது. இவளுக்குப் புரியாமல் போய்விடுமோ, உண்மையாகவே அடித்தது மாதிரி வாங்கிக்கொண்டு உடைந்துவிடுவாளோ என்று ஆலோசகர் பயந்தார். முகத்தில் எதையும் காட்டவும் முடியாது. அதிகாரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஆமா" என்றாள் அவள். "நான்தான் எழுதினேன்."

"திமிரா?"

"என்ன திமிர்? கணக்குன்னா கேட்கத்தான் செய்வாங்க." குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "பில்லை மட்டும் அனுப்புவீங்க, காரணம் எழுத மாட்டீங்க. நாங்க என்ன ஜோசியமா பார்க்க முடியும்? கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்கறீங்க. கை நீட்டி வாங்கற இடத்துலயே இவ்வளவு ஆட்டம்னா, கொடுக்கற இடத்துல இருந்தா என்ன ஆடுவீங்க?" பையைக் கீழே வைத்தாள். "எனக்குத் தண்ணி வேண்டாம். இவங்க கையால விஷம் கொடுத்தாலும் வேண்டாம். என்னைப் பேசாம இருக்கச் சொல்றதுக்கு நீங்க யாரு?"

பேசாமல் இருக்கச் சொன்னது ஆலோசகர் அல்ல. அந்த அறையில் வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"அடேங்கப்பா!" என்றார் அதிகாரி. "பாப்பா, விடு, விடு. உட்காரு." அவர் முகத்தில் முன்பு கூடி வந்துகொண்டிருந்தது எதுவும் இப்போது இல்லை. அந்த இடத்தில் கோபம் இருந்தது. "மேடம், நீங்க படிச்சவங்கதானே? டிஷ்யூ பேப்பருக்கா இந்தக் கூத்து? அவ சின்னப் பொண்ணு. வந்த இடத்துல வெச்சு இப்படி அவமானப்படுத்தறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?"

ஆலோசகர் இன்னும் ஒரு படி மேலே போனார்.

"சின்னப் பொண்ணுன்னா சின்ன வேலைக்கு வெச்சுக்கங்க சார். இவ கீழ பல்லைக் காட்டிட்டு அப்படியே போகட்டும். இந்த மாடிக்கு மட்டும் கூட்டிட்டு வராதீங்க."

தலைவர் அம்மாள் எழுந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்து மூடினார். மூடும் சத்தம் கேட்டது.

"டீச்சர், நீட்டிக்கலாம்னு மனசுல முடிவு பண்ணிட்டுத்தான் படியேறி வந்தேன்" என்றார். "எங்க பொண்ணுகிட்டயே இப்படி நடந்துக்கறவங்க, ஒடிஞ்சுபோய் வர்றவங்ககிட்ட எப்படி நடந்துப்பாங்க? நீங்களே சொல்லுங்க."

ஆலோசகரிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை.

அவர்கள் இறங்கிப் போகும் சத்தம் படியில் கேட்டது. அதிகாரி அந்தப் பெண்ணைச் சமாதானப்படுத்திக்கொண்டே இறங்கினார். "அழாதே பாப்பா. சும்மா சொல்லக் கூடாது, நல்லாத் திருப்பிக் கொடுத்தே." கார்க் கதவு சாத்தும்வரை ஆலோசகர் அசையவில்லை. பிறகு சன்னலில் சாய்ந்துகொண்டார்.

டீச்சர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பதினோரு வருஷத்துல உன் குரல் உயர்ந்து நான் கேட்டதில்ல. அந்த டிஷ்யூ கேள்வி வந்தப்ப நீதான் விழுந்து விழுந்து சிரிச்சே. 'எழுதிப் போடுங்க டீச்சர், இங்க வெங்காயம் அதிகம் உரிக்கிறோம்னு' அப்படின்னு சொன்னே. இப்ப என்ன வந்துச்சு உனக்கு?"

"கோபம் வந்துடுச்சு டீச்சர்."

"பொய் சொல்லாதே. ஏப்ரல்ல வாடகை யார் கட்டுவா? அந்தப் போன் அடிச்சா யார் எடுப்பா? ஒரே ஒரு காரணம் சொல்லு. நான் இப்பவே ஓடிப்போய் அந்தம்மா கால்ல விழுந்தாவது சரி பண்றேன்."

"காரணம் இல்ல."

"அந்தப் பொண்ணு..." என்று ஆரம்பித்த டீச்சர் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மேசையிலிருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்க ஆரம்பித்தார்.

"சொல்லாதே" என்றார் தலை நிமிராமல். "நான் கேட்டாலும் சொல்லாதே."

வியாழக்கிழமை தலைவர் அம்மாள் டீச்சரை அழைத்தார். மையத்தின் வேலையில் தனக்குச் சந்தேகம் இல்லை என்றார். ஆனால் அந்த ஆலோசகர் பணியில் இருக்கும்வரை குழுவின் முன்னால் கோப்பை வைக்க முடியாது. அவர் போனால் நீட்டிப்பைப் பற்றிப் பேசலாம்.

"முடியாதுன்னு சொல்லப்போறேன்" என்றார் டீச்சர்.

"சொல்லிட்டு?" என்றார் ஆலோசகர்.

"வேற யார்கிட்டயாவது கேட்பேன். கேட்கறதுதானே என் பொழைப்பு."

"வேற யாரும் இந்த மாசத்துக்குள்ள கொடுக்க மாட்டாங்க டீச்சர். என்கிட்ட மட்டும் முப்பது பேருக்கு மேல வர்றாங்க. ஒரு மாசம் மாடி பூட்டிக் கிடந்தா அதுல எத்தனை பேர் மறுபடி படியேறுவாங்க? இன்னொரு ஆள் இருக்கா. கெட்டிக்காரி. ஒவ்வொருத்தரா அவகிட்ட ஒப்படைச்சுட்டுப் போறேன்."

டீச்சர் அன்று அதற்குச் சம்மதிக்கவில்லை. அடுத்த நாளும் சம்மதிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை அந்தப் பெண் வரவில்லை. அவளுடைய நேரம் முழுவதும் ஆலோசகர் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவளை அழைக்க முடியாது. அவர்களாக அழைத்தால்தான் உண்டு. சனி, ஞாயிறு எந்தச் செய்தியும் இல்லை. சாப்பிடும்போது போன் அடித்தால் தட்டை அப்படியே விட்டு எழுந்தார். "என்னம்மா, உன் ஆபீஸ்ல யாராவது கைதாகப் போறாங்களா?" என்று கணவர் கேட்டார். அவருக்கு எப்போதும் பதில் கிடைத்ததில்லை. அதனால் இப்போதும் எதிர்பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மதியம் அவசரத் தொலைபேசி அடித்தது.

"அக்கா, நான்தான்."

"எங்கேர்ந்து பேசறே?"

"தபால் ஆபீஸ் பக்கத்துக் கடையிலேர்ந்து. பயப்படாதீங்க, என் போன் இல்ல."

"வீட்ல?"

"நேத்து மாமாவோட ஃப்ரெண்டு வீட்டுக்கு வந்தார். எல்லாரையும் உட்கார வெச்சுக் கதையாச் சொன்னார். 'உன் மச்சினி ஊமைன்னு நினைச்சேன்டா, அந்தம்மாவைக் கிழிச்சுத் தொங்கவிட்டுட்டா'ன்னு. அக்காவுக்கு ஒரே பெருமை." நிறுத்தினாள். "மாமா சிரிக்கல. பல்லு டாக்டர் அதே கட்டடமாமேன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"அதே கட்டடம்தான், அதனாலதான் அந்தம்மா படியில போற வர்றவங்ககிட்ட எல்லாம் வள்ளுவள்ளுன்னு விழறது எனக்கு ஏற்கெனவே தெரியும்னு சொன்னேன். இனிமே அந்த டாக்டர்கிட்டயே போகலன்னுட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் டிவியைப் போட்டுட்டார்."

ஆலோசகர் மூச்சை விட்டார். தொலைபேசியில் அது கேட்டிருக்க வேண்டும்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அந்த டிஷ்யூ கேள்வி, நிஜமாவே நான்தான் எழுதினேன். எந்த மையம்னு தெரியாது. வெறும் நம்பர்தான் இருந்துச்சு. பாதிப் பெட்டியை நானே காலி பண்ணிட்டு, நானே கேள்வி கேட்டிருக்கேன்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். முதலில் நிறுத்தியவள் அவள்தான்.

"உங்களை வேலையை விட்டு எடுக்கச் சொல்றாங்களாமே. ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. நான் தலைவர் அம்மாகிட்ட தனியாப் போய் உண்மையைச் சொல்லிடறேன். அவங்க நல்லவங்கதான். யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க."

ஆலோசகர் வாயிலிருந்து ஒரு சரி வந்தால் போதும். வேலை தங்கும், மையம் தங்கும். அந்த அம்மாள் நல்லவர் என்பதும் உண்மையாக இருக்கலாம். நம்பர் கேட்ட அதிகாரியும் கெட்டவர் இல்லை.

"அது உன்னோடது. யார்கிட்டச் சொல்லணும், எப்பச் சொல்லணும்னு நான் சொல்ல முடியாது" என்றார். "ஆனா என் வேலைக்காகன்னா வேண்டாம். உனக்குச் சொல்லணும்னு தோணுச்சுன்னா சொல்லு. விடுதிக்குப் போனதுக்கப்புறம், கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுட்டு, நிதானமா யோசி."

"அன்னைக்கு நீங்க கத்தினப்ப ஒரு நிமிஷம் நிஜம்னு நினைச்சுட்டேன்."

"தெரியும்."

"கண்ணு மட்டும் கத்தல. அப்புறம்தான் புரிஞ்சுது." கடையில் யாரோ வந்திருக்க வேண்டும். "சரிங்க, பில்லை நாளைக்கு அனுப்பிடறோம்" என்று குரலை மாற்றிச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அன்று மாலை ஆலோசகர் ராஜினாமாக் கடிதத்தை டீச்சரின் மேசையில் வைத்தார். டீச்சர் அதைப் பிரிக்காமல் இழுப்பறைக்குள் போட்டார். இரண்டு நாள் கழித்து எடுத்துக் கையெழுத்திட்டார்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி ஆலோசகர் பணியிலிருந்து விலகினார். விலகலுக்கான காரணம், நன்கொடையாளர் ஊழியரிடம் தகாத நடத்தை என்று அறக்கட்டளைக் குழுவின் குறிப்பில் பதிவானது. மையத்துக்கான நிதியுதவி ஓராண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. ஏப்ரல் மூன்றாம் தேதி அந்தப் பெண் விடுதிக்குக் குடிபோனாள். தலைவர் அம்மாளிடம் அவள் எதையும் சொல்லவில்லை. மே மாதம் வேறு ஆபீஸில் வேலை கிடைத்தது. அதன் பிறகு இளைய ஆலோசகரிடம் நேரம் கேட்டு அழைத்தாள். புதன்கிழமை மாலை கொடுக்கப்பட்டது.